கேட்டால்தான் கிடைக்கும் கூடுதல் நேரம்: அமெரிக்கப் பல்கலைக்கழகத் தேர்வு மையமும் மாணவரின் உரிமையும்

தேர்வு மையத்தின் முன்மேசைக்கு வந்து, "எனக்குக் கூடுதல் நேரம் வேண்டும்" என்று ஒரு மாணவர் கேட்டால், அங்கே உட்கார்ந்திருப்பவர் முடியாது என்றுதான் சொல்வார். அவர் மீது கோபப்பட்டுப் பயனில்லை. அந்த அதிகாரம் அவரிடம் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக, தேர்வு எழுத வேண்டிய ஏற்பாட்டைச் செய்து தருவது தேர்வு மையம். அதற்கு யார் உரியவர் என்று முடிவு செய்வது மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான சேவை அலுவலகம். அலுவலகத்தின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான்.

டெஸ்டிங் சென்டர் என்று அழைக்கப்படும் இந்த மையங்களில் பல வேலைகள் நடக்கின்றன. எந்த நிலைக் கணக்கு வகுப்பில் சேரலாம் என்று பார்க்கும் நிலையறி தேர்வு, உடல்நலமின்மையால் தவறவிட்ட தேர்வை மறுபடி எழுதுதல், வகுப்புக்குப் போகாமலே பாட அலகுகளைப் பெற்றுத்தரும் கிளெப் தேர்வு, வேறு பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் படிப்பவருக்கான மேற்பார்வை என்று பட்டியல் நீளும். கிளெப் மட்டுமே முப்பதுக்கும் மேற்பட்ட பாடங்களில் நடக்கிறது. 20 முதல் 80 வரையிலான அளவுகோலில் 50 எடுத்தால் போதும் என்பது பொதுப் பரிந்துரை, ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பம். இவற்றையெல்லாம் மையத்தின் வலைத்தளத்திலேயே படித்துத் தெரிந்துகொள்ளலாம். நம் மாணவர்கள் கோட்டைவிடுவது வேறோர் இடத்தில்: சட்டம் தரும் உரிமையைக் கேட்காமலே இருந்துவிடுவதில்.

அந்த உரிமைக்கு இரண்டு சட்டங்கள் அடித்தளம். முதலாவது, 1973-இன் மறுவாழ்வுச் சட்டத்தில் உள்ள 504-ஆம் பிரிவு. மத்திய அரசின் நிதியுதவி பெறும் எந்த நிறுவனமும் மாற்றுத்திறன் காரணமாக ஒருவரை விலக்கி வைக்கக் கூடாது என்கிறது அது. சட்டம் வந்தும் அதற்கான விதிகள் வருவதற்கு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆயின. 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அரசுக் கட்டடத்துக்குள் மாற்றுத்திறனாளிகள் புகுந்து மூன்று வாரங்களுக்கு மேல் வெளியேற மறுத்து அமர்ந்திருந்தார்கள். அந்த மாதம் 28-ஆம் தேதிதான் விதிகளில் கையெழுத்து விழுந்தது. இன்று தேர்வு மையத்தில் கிடைக்கும் தனியறைக்குப் பின்னால் அந்த உள்ளிருப்புப் போராட்டம் இருக்கிறது. இரண்டாவது, 1990 ஜூலை 26-இல் கையெழுத்தான அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம், சுருக்கமாக ஏடிஏ. அரசுப் பல்கலைக்கழகங்கள் அதன் இரண்டாம் பகுதியிலும் தனியார் பல்கலைக்கழகங்கள் மூன்றாம் பகுதியிலும் வருகின்றன. மத அமைப்புகள் நடத்தும் கல்லூரிகளுக்கு மூன்றாம் பகுதியிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அவை மத்திய அரசின் நிதி வாங்கினால் 504-இலிருந்து தப்ப முடியாது.

இந்த இரண்டு சட்டங்களும் குடியுரிமையைக் கேட்பதில்லை. மாணவர் விசாவில் வந்தவருக்கும் அதே உரிமைதான்.

யார் மாற்றுத்திறனாளி என்பதில் நமக்கு இருக்கும் படிமம் குறுகலானது. சக்கர நாற்காலி, வெள்ளைக் கோல் என்பதோடு நின்றுவிடுகிறோம். சட்டத்தின் வரையறை அதைவிட அகலம். அன்றாட வாழ்வின் முக்கியச் செயல் ஒன்றைக் கணிசமாக மட்டுப்படுத்தும் உடல் அல்லது மனக் குறைபாடு இருந்தால் போதும். உச்ச நீதிமன்றம் சில தீர்ப்புகளில் இந்த வரையறையை இறுக்கிவிட, 2008-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி மறுபடியும் விரித்தது. வாசிப்பது, சிந்திப்பது, கவனத்தைக் குவிப்பது ஆகியவையும் முக்கியச் செயல்கள் என்று வெளிப்படையாக எழுதிவைத்தது. மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடுகிறது என்ற வாதமும் அதோடு அடிபட்டுப்போனது; மருந்து இல்லாதபோது எப்படி இருக்கும் என்றுதான் பார்க்க வேண்டும். சாதாரண மூக்குக் கண்ணாடியும் காண்டாக்ட் லென்ஸும் மட்டும் இதற்கு விதிவிலக்கு. ஆகவே டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு, ஏடிஎச்டி என்னும் கவனக்குறைவுக் கோளாறு, மனச்சோர்வு, கடும் பதற்றம், வலிப்பு, நீரிழிவு, குடல் அழற்சி எல்லாம் இதற்குள் வர முடியும். "நல்ல மதிப்பெண் வாங்குகிறாயே, உனக்கு எதற்கு?" என்ற கேள்வியும் செல்லாது. மதிப்பெண் நன்றாக இருப்பதாலேயே ஒருவருக்குக் குறைபாடு இல்லை என்று ஆகிவிடாது என்று அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் தந்த வழிகாட்டுதலே சொல்கிறது. மற்றவர்கள் இரண்டு மணி நேரத்தில் படிப்பதை ஆறு மணி நேரம் உட்கார்ந்து படித்து அந்த மதிப்பெண்ணை வாங்கியிருப்பார்.

தமிழில் இதையெல்லாம் "சலுகை" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தச் சொல் உடன்பாடில்லை. சலுகை என்பது கொடுப்பவரின் தயவில் இருப்பது. வாங்குபவர் தலைகுனிய வேண்டியது. சட்டம் சொல்வது அதுவல்ல. 504-இன் விதியைப் பாருங்கள்: மாணவரின் புலன், கை, பேச்சு ஆகியவற்றின் குறைபாட்டை அளக்காமல், அந்தப் பாடத்தில் அவர் அடைந்த தேர்ச்சியை அளக்கும்படி தேர்வு இருக்க வேண்டும் என்கிறது. அளவுகோலைச் சரிசெய்யும் வேலை இது. வளாகத்தில் எல்லோரும் அக்காமடேஷன் என்பார்கள். நான் ஏற்பாடு என்றே எழுதுகிறேன்.

ஏற்பாடுகளில் அதிகம் வழங்கப்படுவது ஒன்றரை மடங்கு நேரம். சிலருக்கு இரண்டு மடங்கு. கவனச்சிதறல் குறைந்த அறை, கடிகாரத்தை நிறுத்திவிட்டு எடுக்கும் இடைவேளை, பெரிய எழுத்தில் அல்லது பிரெயிலில் வினாத்தாள், ஜாஸ் அல்லது என்விடிஏ போன்ற திரைவாசிப்பு மென்பொருள், கேள்வியை வாசித்துக் காட்டுபவர், சொல்வதை எழுதுபவர், நீரிழிவு உள்ளவர் குளுக்கோஸ் மானியையும் சிற்றுண்டியையும் உடன் வைத்துக்கொள்ள அனுமதி என்று மற்றவை தேவைக்கேற்ப அமையும். இதற்காக மாணவரிடம் ஒரு காசு கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது. சொல்வதை எழுதுபவருக்கான ஊதியமும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பே.

எல்லாம் கேட்டால்தான். பள்ளிப் பருவத்தில், குறைபாடு உள்ள குழந்தையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய கடமை அமெரிக்கப் பள்ளி நிர்வாகத்துக்கு இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியோடு அந்தக் கடமை முடிந்துவிடுகிறது. கல்லூரியில் மாணவர்தான் தம்மை அறிவித்துக்கொள்ள வேண்டும், தாமே விண்ணப்பிக்க வேண்டும், சான்றையும் தாமே கொண்டுவர வேண்டும். பரிசோதனைச் செலவைக் கல்லூரி ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. உளவியல் மதிப்பீடு அங்கே மலிவும் அல்ல. எனவே சொந்த நாட்டில் ஏற்கெனவே மதிப்பீடு செய்திருந்தால் அந்த அறிக்கையையும், பொதுத்தேர்வில் கூடுதல் நேரமோ சொல்வதை எழுதுபவரோ பெற்றிருந்தால் அந்த ஆணையையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுவது நல்லது. முன்பு இதே ஏற்பாட்டைப் பெற்றிருந்தார் என்பது வலுவான சான்று. முன்பு எதுவும் பெறாதவருக்கும் வழி அடைபட்டுவிடவில்லை, கொஞ்சம் கூடுதலாக விளக்க வேண்டியிருக்கும்.

சான்று கேட்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. 1995-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் உயர்பொறுப்பில் இருந்த ஜான் வெஸ்ட்லிங், கற்றல் குறைபாட்டைக் காரணம் காட்டி வகுப்பில் தூங்குவதற்கும் ஏற்பாடு கேட்ட "தூங்குமூஞ்சி சமந்தா" என்ற மாணவியின் கதையை ஒரு மேடையில் சொன்னார். பிறகு மாணவர்கள் வழக்குத் தொடுத்தபோது, அப்படி ஒரு சமந்தா இல்லவே இல்லை, தாம் கற்பனை செய்தது என்று ஒப்புக்கொண்டார். கற்றல் குறைபாட்டுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகப் பரிசோதனை செய்து வர வேண்டும் என்று பல்கலைக்கழகம் முதலில் கொண்டுவந்த விதி சட்டத்துக்குப் புறம்பானது என்று 1997-இல் நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அதே வழக்கில், அயல்மொழிப் பாடத்தை விலக்கித் தர வேண்டும் என்ற கோரிக்கை கடைசியில் நிறைவேறவில்லை.

இங்கேதான் உரிமையின் மறுகரை தெரிகிறது. பாடத்தின் அடிப்படையையே மாற்றும் ஏற்பாட்டைப் பல்கலைக்கழகம் மறுக்கலாம். எழுத்துப்பிழையே சோதிக்கப்படும் மொழித் தேர்வில் பிழைதிருத்தி மென்பொருள் கேட்டால் கிடைக்காது. வரலாற்றுத் தேர்வில் கேட்டால் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. டஃப்ட்ஸ் மருத்துவக் கல்லூரியில் டிஸ்லெக்சியா உள்ள ஒரு மாணவர், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை வினாத்தாளுக்கு மாற்றுக் கேட்டு வழக்காடினார். வெறுமனே மறுத்தால் போதாது, மாற்று வழிகளைப் பரிசீலித்ததைக் காட்ட வேண்டும் என்று 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கல்லூரிக்குச் சொன்னது. கல்லூரி காட்டியது, 1992-இல் கல்லூரியே வென்றது. ஆசிரியர் ஒருவர் "என் வகுப்பில் இதெல்லாம் கிடையாது" என்று தனியாக முடிவெடுக்க முடியாது என்பதை இந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அனுமதி கிடைத்ததும் சேவை அலுவலகம் ஒரு கடிதம் தரும். எந்தெந்த ஏற்பாடு என்பது அதில் இருக்கும், என்ன நோய் என்பது இருக்காது. ஆசிரியருக்கு நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் மாணவருக்கு இல்லை. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு பருவத்திலும் இந்தக் கடிதத்தைப் புதுப்பித்து ஒவ்வோர் ஆசிரியருக்கும் அனுப்பச் சொல்வார்கள். அதற்குப் பிறகு, ஒவ்வொரு தேர்வுக்கும் தனித்தனியாகத் தேர்வு மையத்தில் இடம் பதிவு செய்ய வேண்டும். பலர் சறுக்குவது இந்தக் கடைசிப் படியில். கடிதம் இருக்கிறதே என்று பதிவு செய்யாமல் இருந்துவிடுவார்கள். மையத்துக்கோ இருக்கைகள் எண்ணிக்கையில் அடங்கியவை; ஆசிரியரிடமிருந்து வினாத்தாளும், கால்குலேட்டர் உண்டா, குறிப்புத்தாள் உண்டா என்ற விவரமும் முன்கூட்டியே வந்தாக வேண்டும். சில வேலை நாட்களுக்கு முன்பே பதிவு என்ற கெடு அதனால்தான்; பருவ இறுதித் தேர்வுக்கு இன்னும் முன்பே.

நேரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 50 நிமிட வகுப்புத் தேர்வு ஒன்றரை மடங்கில் 75 நிமிடம் ஆகும். அடுத்த வகுப்பின் தலையில் போய் இடிக்கும். மூன்று மணி நேர இறுதித் தேர்வு நாலரை மணி நேரம். ஒரே நாளில் இரண்டு இருந்தால் ஒன்பது மணி நேரம், மையம் அதற்குள் பூட்டிவிடும். இப்படி முட்டினால் வேறு நேரத்துக்கு மாற்ற ஆசிரியரின் ஒப்புதல் வேண்டும், அந்த மின்னஞ்சலை அனுப்ப வேண்டியவர் மாணவர்தான்.

இன்னொன்று: ஏற்பாடு முன்தேதியிட்டு வராது. அனுமதிக்கு முன் எழுதித் தோற்ற தேர்வை மறுபடி நடத்தக் கல்லூரிக்குக் கடமை இல்லை. "இந்தப் பருவம் சமாளித்துப் பார்க்கிறேன்" என்று தள்ளிப்போடுபவர்கள் இழப்பது இதைத்தான். சான்றிதழில் கறை விழுமோ என்ற அச்சமும் தேவையில்லை. முன்பு சில பொதுத் தேர்வுகளில், கூடுதல் நேரத்தில் எழுதியவரின் மதிப்பெண்ணோடு ஒரு குறிப்பைச் சேர்த்து அனுப்பினார்கள். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டை நடத்தும் எல்சாக் அமைப்பு 2014-இல் 77.3 லட்சம் டாலர் கொடுக்கவும் அந்தக் குறிப்பை நிறுத்தவும் ஒப்புக்கொண்ட பிறகு அந்த வழக்கம் ஒழிந்தது. வெளித் தேர்வுகளைப் பற்றிப் பேசும்போதே சொல்லிவிடுகிறேன்: அதே மையத்தில், அதே நாற்காலியில் எழுதினாலும், மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வு என்றால் அதை நடத்தும் ஈடிஎஸ்ஸிடமும் எல்சாட் என்றால் எல்சாக்கிடமும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகக் கடிதம் சான்றாக உதவும், அனுமதியாக ஆகாது.

வீட்டிலிருந்து இணையவழியில் எழுதும் தேர்வுக்கு வேறு விதி. தொலைநிலையில் பதிவு செய்தவரும் தேர்வு எழுதுபவரும் ஒருவரே என்று உறுதிசெய்ய வேண்டும் என்கிறது 2008-இன் உயர்கல்விச் சட்டத் திருத்தம். அதற்குக் கூடுதல் கட்டணம் உண்டென்றால் பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். கேமராவைச் சுழற்றி அறையைக் காட்டச் சொல்வது இப்படித்தான் பரவியது. ஓஹியோவில் கிளீவ்லாந்து அரசுப் பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் படுக்கையறையை அப்படிக் காட்டச் சொன்னது அரசியலமைப்புக்கு முரணான சோதனை என்று 2022-இல் அங்குள்ள ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல. தனியார் பல்கலைக்கழகங்களுக்கு இந்த வாதம் பொருந்தாது. அறையைக் காட்ட விருப்பமில்லாதவர் தேர்வு மையத்திலேயே வந்து எழுத முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுப் பார்க்கலாம்.

பெற்றோருக்கு ஒரு சொல். கல்விப் பதிவுகளின் தனியுரிமையைக் காக்கும் 1974-இன் ஃபெர்பா சட்டப்படி, பிள்ளை கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து கல்விப் பதிவுகள் மீதான உரிமை பிள்ளையுடையது, வயது பதினேழாக இருந்தாலும். அமெரிக்க வருமானவரிக் கணக்கில் பிள்ளையைச் சார்ந்திருப்பவராகக் காட்டும் பெற்றோருக்குச் சொல்லலாம் என்று கல்லூரிக்கு அனுமதி உண்டு, கட்டாயம் இல்லை. கட்டணம் கட்டுகிறேனே என்று கடல் கடந்து தொலைபேசியில் கேட்டால், தேர்வு எழுத வந்தாரா என்றுகூட மையம் சொல்லாது. பிள்ளையின் கையெழுத்திட்ட சம்மதம் வேண்டும். கூடுதல் நேரத்துக்கான விண்ணப்பத்தையும் பெற்றோர் போட முடியாது.

மறுக்கப்பட்டால், அல்லது அனுமதி இருந்தும் மையத்தில் நேரத்தைக் குறைத்துவிட்டால், அன்றே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கல்லூரியில் 504-க்கென்று ஒரு பொறுப்பாளரும் குறைதீர்ப்பு முறையும் இருந்தாக வேண்டும். முதல் முறையீடு அங்கே. வெளியே போவதென்றால் அமெரிக்கக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்தில் சம்பவம் நடந்த 180 நாட்களுக்குள் இலவசமாகப் புகார் தரலாம். கல்லூரியின் குறைதீர்ப்பு முறையை முதலில் பயன்படுத்தியவருக்கு, அது முடிந்ததிலிருந்து 60 நாட்கள் அவகாசம் உண்டு. 2025 மார்ச்சில் அந்த அலுவலகத்தின் 12 வட்டாரக் கிளைகளில் 7 மூடப்பட்டன, அதனால் விரைவான பதிலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டாம். கல்லூரிக்குள் நடக்கும் முறையீட்டைக் கைவிடாமல் தொடருங்கள். புகார் கொடுத்ததற்காக ஆசிரியரோ நிர்வாகமோ பழிவாங்கினால், அதுவே தனிக் குற்றச்சாட்டாகப் பதிவாகும்.