மேக்கப் போட லைசென்ஸ் இல்லை, ஆனால் விதிகள் உண்டு

"கோர்ஸ் முடித்தவுடன் அரசு லைசென்ஸ்" என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டும் முன் ஒரு நிமிடம். இந்தியாவில் ஒருவர் மேக்கப் போடுவதற்கென்று தனிநபர் லைசென்ஸ் எதுவும் கிடையாது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோல் பதிவு செய்துகொள்ளும் கவுன்சிலும் இல்லை. இல்லாத ஒன்றைத் தருவதாகச் சொல்லித்தான் பல இடங்களில் கட்டணத்தை ஏற்றுகிறார்கள்.

படிப்புக்கு மதிப்பில்லை என்று சொல்லவில்லை. ஐ.டி.ஐ.யில் அழகுக்கலை ஓராண்டுப் பிரிவாகவே இருக்கிறது; முடித்தால் தேசியத் தொழிற் சான்றிதழ் கிடைக்கும். அழகு, நலவாழ்வுத் துறைக்கான திறன் கவுன்சிலின் சான்றிதழும் உண்டு. வேலை தேடவும் வங்கிக் கடன் கேட்கவும் இவை உதவும். ஆனால் இவை திறமைக்கான சான்று, தொழில் செய்வதற்கான அனுமதி அல்ல. ஏமாற்று நடப்பது வேறு விதத்தில். பயிற்சி மையம் தன் உத்யம் பதிவு எண்ணைச் சான்றிதழில் அச்சடித்து "இந்திய அரசு அங்கீகாரம்" என்று போட்டுக்கொள்ளும். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் எந்தச் சிறுதொழிலும் இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளும் பதிவுதான் உத்யம். பாடத்திட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. ஐ.எஸ்.ஓ. முத்திரையும் அப்படித்தான், அது நிர்வாக முறைக்கானது, உங்கள் கோர்ஸுக்கானது அல்ல. "தேர்வு நடத்துவது யார், சான்றிதழில் கையெழுத்து யாருடையது, எந்த அரசுத் தளத்தில் சரிபார்க்கலாம்?" என்று கேளுங்கள். நேரான பதில் வரவில்லையென்றால் பணம் கட்டாதீர்கள்.

கடை போட்டால் மாநகராட்சி அல்லது நகராட்சியின் தொழில் உரிமம் வேண்டும். மண்டபத்துக்கோ மணப்பெண் வீட்டுக்கோ போய்ச் செய்பவருக்கும் வருமானக் கணக்கு உண்டு. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். அழகுச் சேவைகளுக்கு 18 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். ஆனால் பொருள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. விலை சொல்லும்போது இதையும் கணக்கில் எடுங்கள்.

சட்டம் உண்மையில் இறுக்கமாக இருப்பது உங்கள் கிட் பாக்ஸில் இருக்கும் பொருளின் மேல். 1940ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனச் சட்டமும் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளும் இதற்கு உண்டு. இந்தியத் தயாரிப்பு என்றால் தயாரித்த இடத்தின் முகவரி, உற்பத்தி உரிம எண், உபயோகிக்க வேண்டிய கடைசி மாதமும் ஆண்டும், சேர்மானப் பட்டியல் லேபிளில் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளில் இந்தியப் பதிவுச் சான்றிதழ் எண்ணும் அதை வைத்திருப்பவர் முகவரியும் இருக்கும். 10 கிராமுக்குக் குறைந்த லிப்ஸ்டிக்கில் பேட்ச் எண் (எந்தத் தொகுதியில் தயாரானது என்பதைக் காட்டும் எண்) இல்லாவிட்டால் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். சின்ன அளவுக்கு அந்த விலக்கு உண்டு. ஆனால் "துபாயிலிருந்து வந்தது" என்று லேபிளே இல்லாமல் வரும் வெளுப்பு கிரீமைத் தொடாதீர்கள். அப்படிப்பட்டவற்றில்தான் பாதரசம் பிடிபடுகிறது. விதிப்படி இத்தகைய கிரீமில் பாதரசம் சேர்க்கவே கூடாது. தவறிக் கலந்தாலும் பத்து லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக் கூடாது.

பவுண்டேஷனை, லிப்ஸ்டிக்கைப் பேலட்டுக்கு மாற்றி வைப்பது வழக்கம். அப்போது லேபிளும் கழன்றுவிடுகிறது. பேலட்டின் அடியில் பிராண்ட், ஷேட், காலாவதி மாதம், திறந்த தேதி நான்கையும் ஒட்டி வையுங்கள். மணப்பெண்ணின் கண் வீங்கினால் மருத்துவர் முதலில் கேட்பது "என்ன போட்டீர்கள்?" என்பதுதான். மஸ்காராவைத் திறந்து மூன்று மாதமானால் தூக்கிப் போடுங்கள். ஒவ்வொருவருக்கும் புது டிஸ்போசபிள் பிரஷ், அதையும் ஒருமுறைக்கு மேல் மஸ்காரா குழாயில் விடக் கூடாது.

பார்லர்களில் தினமும் மீறப்படும் விதி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பி.பி.டி. எனப்படும் பாரா ஃபினைலின் டையமின் கலந்த முடிச் சாயத்தின் லேபிளில், ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் எச்சரிக்கை இருக்க வேண்டும். புருவத்துக்கோ இமைக்கோ போட்டால் பார்வை போகலாம் என்பதே அந்த எச்சரிக்கை. "புருவம் நரைத்திருக்கிறது, கொஞ்சம் டை தொட்டுவிடுங்கள்" என்று வாடிக்கையாளர் கேட்டாலும் முடியாது என்று சொல்லுங்கள். பென்சிலோ பவுடரோ போதும். தலைமுடிக்கும் முன்சோதனை வேண்டும். காதின் பின்புறமோ முழங்கையின் உட்புறமோ கொஞ்சம் தடவி, 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். எரிச்சல், சிவப்பு வந்தால் அந்தச் சாயம் அவருக்கு வேண்டாம். கல்யாணத்துக்கு முன் மேக்கப் போட்டுப் பார்க்கும் ட்ரையல் நாளன்றே, செயற்கை இமைமுடி ஒட்டும் பசையையும் இப்படிச் சோதித்துவிட்டால் முகூர்த்த நாளில் பதற வேண்டியதில்லை. அதிகாலை மூன்று மணிக்கு மண்டபத்தில் வைத்து யாரும் முன்சோதனை செய்ய முடியாது.

சொந்த பிராண்ட் ஆசை பலருக்கு உண்டு. பிறர் தயாரித்த அழகுசாதனப் பொருளை விற்கத் தனி உரிமம் தேவையில்லை. ஆனால் வீட்டுச் சமையலறையில் கண்மை, லிப் பாம் செய்து விற்றால் அது உற்பத்தி. மொத்தமாக வாங்கி டப்பியில் நிரப்பி உங்கள் பெயர் ஒட்டினாலும் அப்படியே. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் இல்லாமல் செய்யக் கூடாது. உரிமம் பெற்ற தொழிற்சாலையில் செய்து வாங்கி, அவர்கள் உரிம எண்ணோடு விற்பதே நேர்வழி.

ஊசி இன்னொரு எல்லை. நிறம் வெளுக்கப் போடும் குளுட்டாதயோன், முகச் சுருக்கத்துக்கான போடாக்ஸ், ரத்தம் எடுத்துச் செய்யும் பி.ஆர்.பி. எல்லாம் மருத்துவர் வேலை. இரண்டு நாள் வொர்க்‌ஷாப் சான்றிதழ் அந்த உரிமையைத் தராது.

சினிமாவில் மேக்கப் கலைஞர் சங்கத்தின் உறுப்பினர் கார்டு என்ற ஒன்று லைசென்ஸ் போலவே நடந்துவந்தது. மும்பையில் அந்தச் சங்கம் பெண்களுக்கு மேக்கப் கார்டு தராமல் ஹேர் டிரெஸ்ஸர் கார்டு மட்டுமே தந்தது. மேக்கப் கலைஞர் சாரு குரானாவின் வழக்கில் 2014 நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. பெண் என்பதற்காக எந்தச் சங்கமாவது மறுத்தால் இந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள்.

வெளிநாட்டுத் தமிழ்க் கல்யாணங்களுக்கு அழைப்பு வந்தால் நிலைமை மாறும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் காசு வாங்கி மேக்கப் போட மாநில வாரியத்தின் லைசென்ஸ் வேண்டும். சருமப் பராமரிப்புப் பிரிவில் என்றால் 600 மணி நேரப் பயிற்சியும் தேர்வும். ஃபுளோரிடாவோ 2020ல் மேக்கப்புக்கு மட்டும் லைசென்ஸை எடுத்துவிட்டது. எந்த மாநிலமானாலும் சுற்றுலா விசாவில் போய்ச் சம்பாதிக்கக் கூடாது. அட்வான்ஸ் வாங்கும் முன், கல்யாணம் நடக்கும் மாநிலத்தின் விதியையும் உங்கள் விசாவின் வகையையும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.