குழந்தை முகம் பார்த்தால் அம்மாவுக்கு முடி கொட்டுமா?

என் தங்கை பண்ருட்டியிலிருந்து புதுச்சேரி முத்தியால்பேட்டைக்குக் குடிபோனது தை மாதம். மாசி பிறப்பதற்குள் போன் வந்துவிட்டது. "அக்கா, இந்த வீட்டுத் தண்ணி சரியில்ல. தலைக்குக் குளிச்சா கொத்துக் கொத்தா வருது." கடலோர ஊர், போர் தண்ணீர், உப்பு. கேட்ட எல்லோரும் ஆமாம் என்றார்கள். கேன் தண்ணீர் வாங்கித் தலைக்கு ஊற்றிப் பார்த்தாள். நிற்கவில்லை.

நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: "ஐப்பசியில உனக்கு என்ன வந்துச்சு?" டெங்கு. ஒரு வாரம் படுக்கை. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. தையில் அவள் சீப்பில் வந்தது ஐப்பசிக் காய்ச்சலில் நின்றுபோன முடி.

நம் தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனிக் கணக்கில் வாழ்கிறது. 2 முதல் 7 ஆண்டுகள் வரை மாதம் ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வேர் சுருங்கும். அப்புறம் சுமார் மூன்று மாதம் ஓய்வு. ஓய்வில் இருக்கும் முடி வளராது, சும்மா குழியில் உட்கார்ந்திருக்கும். அதே குழியில் புது முடி கிளம்பும் சமயத்தில் பழையது கழன்று விழும். எந்த நாளில் பார்த்தாலும் பத்தில் ஒன்பது பங்கு வளர்கிறது, ஒரு பங்கு ஓய்வில் இருக்கிறது. ஒரு பங்கு என்றால் 10,000 முடி. அவை சுமார் 100 நாளில் விழ வேண்டுமென்றால் நாளுக்கு 100. இவ்வளவு கொட்டுவது சாதாரணம் என்று டாக்டர்கள் சொல்வதன் கணக்கு இதுதான்.

கடுமையான காய்ச்சல், டைபாய்டு, பெரிய ஆபரேஷன், உடல் இளைக்கப் பட்டினி கிடப்பது போன்ற நெருக்கடி வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் ஒரு பெரும்பகுதி ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. ஓய்வுப் பங்கு 10 சதவீதத்திலிருந்து 30 ஆனால், நாளுக்கு 300 முடி விழும். ஆனால் அன்றைக்கு விழாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் விழும். அதற்குள் காய்ச்சல் மறந்துபோகும், பழி பக்கத்தில் நிற்பதன் மேல் விழும்: தண்ணீர், ஷாம்பு, புது எண்ணெய், கண் திருஷ்டி. இதை மருத்துவத்தில் டெலோஜன் எஃப்ளூவியம் என்கிறார்கள். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கும்.

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும் என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொல்வார்கள். எனக்கு இந்தப் பேச்சின் மேல் மரியாதை அதிகம். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மிகுந்திருப்பதால் ஓய்வுக்குப் போக வேண்டிய முடிகளும் வளர்ந்துகொண்டே இருக்கும், பின்னல் தடிக்கும். பிரசவத்தோடு ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்க, அத்தனையும் சேர்ந்து ஓய்வுக்குப் போகின்றன. மூன்று நான்கு மாதத்தில் கொட்டுகின்றன. குழந்தை நம்மை அடையாளம் கண்டு சிரிப்பதும் அந்த மாதங்களில்தான். பாட்டிகள் காலத்தைத் துல்லியமாகப் பிடித்துவிட்டார்கள், காரணம் மட்டும் பிள்ளையின் தலையில் விழுந்துவிட்டது. பெரும்பாலான தாய்மார்களுக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் முடி பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

சரி, உப்புத் தண்ணீர் ஒன்றுமே செய்யாதா? முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழவைக்கும், சிக்கெடுக்கும்போது முடி நடுவில் அறுந்தும் போகும். வேரை அது எட்டாது. விழுந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனியில் வெள்ளையாகக் குட்டிக் குமிழ் இருந்தால் வேரிலிருந்து கழன்றது. இரண்டு பக்கமும் குமிழ் இல்லையென்றால் அறுந்தது. குமிழைப் பார்த்து வேரே போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், குழி உள்ளேயேதான் இருக்கிறது.

இன்னொரு பயமும் உண்டு. வாரம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை மட்டும் தலைக்குக் குளிப்பவர்களுக்கு ஆறு நாளில் கழன்ற முடியில் பெரும்பகுதி அன்றைக்கே வரும். பயந்து இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் அடுத்த குளியலில் இன்னும் அதிகமாக வரும். தாராளமாகக் குளிக்கலாம், வாரலாம்.

நான் கவலைப்படுவது கொத்தாகக் கொட்டாத முடியைப் பற்றி. உச்சி வகிடு ஆண்டுக்கு ஆண்டு அகலமாகிறது, பின்னல் மெலிகிறது, ஆனால் சீப்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. இது பெண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கை. குழி சுருங்கி ஒவ்வொரு சுற்றிலும் மெல்லிய முடியையே தருகிறது. முன்நெற்றி ஓரம் பெரும்பாலும் அப்படியே இருப்பதால் கண்ணாடியில் சீக்கிரம் தெரியாது. இது தானாகத் திரும்பாது, சீக்கிரம் கவனித்தால் இருப்பதைக் காப்பாற்றலாம். தலையில் தடவும் மினாக்ஸிடில் இதற்குத்தான். ரத்த அழுத்த மாத்திரையாக இருந்தபோது உடம்பில் முடி வளர்ந்ததைக் கண்டு மருந்தாக்கினார்கள். தொடங்கிய முதல் வாரங்களில் முடி அதிகமாகவே கொட்டலாம், பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் பலனும் போய்விடும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும்.

அடுத்தது இரும்புச் சத்து. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடலின் இரும்புக் கையிருப்பு குறைந்திருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகிறவர்கள் இதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. முருங்கைக்கீரையோடு எலுமிச்சை சேர்த்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும், சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ அதைத் தடுக்கும். மத்தியும் நெத்திலியும் மலிவாகக் கிடைக்கும் கரையில் புரதத்துக்கு விலையுயர்ந்த பவுடர் தேவையில்லை.

பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை பற்றி ஒரு எச்சரிக்கை. குறைபாடு இல்லாதவர்களுக்கு அது முடி வளர்க்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை, அதோடு தைராய்டு பரிசோதனை முடிவைத் தவறாகக் காட்டவும் செய்யலாம். ரத்தம் கொடுக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திருவந்திபுரத்தில் மொட்டை போடுவது வேண்டுதல், அதன் அர்த்தம் வேறு. முடி அடர்த்தியாக வளரும் என்று போட்டால் ஏமாற்றம்தான்: கத்தி தோலுக்கு மேலே, வேர் கீழே.

காசு அளவில் வட்டமாக முடி போனால், அதாவது புழுவெட்டு என்றால், வெங்காயம் தேய்த்துப் புண்ணாக்க வேண்டாம். கொட்டுவது ஆறு மாதம் தாண்டினாலும், வகிடு அகலமானாலும், தலையில் எரிச்சலோ தழும்போ இருந்தாலும், முகத்தில் முடியும் ஒழுங்கற்ற மாதவிடாயும் சேர்ந்தாலும் தோல் டாக்டரைப் பாருங்கள். ஜிப்மரில் தோல் பிரிவு இருக்கிறது, மாவட்ட அரசு மருத்துவமனையிலும் பார்க்கலாம். போகும்போது கடந்த ஆறு மாதத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த மாதம் காய்ச்சல், எப்போது பிரசவம், என்னென்ன மாத்திரை, எவ்வளவு எடை குறைந்தது. தங்கையின் தாளில் முதல் வரி ஐப்பசிதான்.