வயிற்றுவலியும் நாட்காட்டித் தாளும்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் காலைப் பேருந்தில், ஐந்தாறு வயதுக் குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தயாராக வைத்திருக்கும் தாய்மாரை அடிக்கடி காணலாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் அந்தப் பைக்கு வேலை வந்துவிடும். அப்படி இறங்கி வந்து குடல் நோய் நிபுணரின் முன் அமர்ந்து, "வாந்தி எடுக்கிறானா?" என்ற கேள்விக்கு, "வரும் வழியில்கூட எடுத்தான், சார்" என்று சொன்னால், அது உண்மைதான் என்றாலும் வயிற்றைப் பற்றி எதையும் சொல்லாத விடை. வளைவில் வரும் வாந்தி, உட்செவி உணரும் அசைவும் கண் காணும் காட்சியும் ஒத்துப்போகாததால் மூளை கிளப்புவது. காலையில் எழுந்ததும் வருவது, சாப்பிட்ட சிறிது நேரத்தில் வருவது, பித்தம் கலந்து பச்சையாக வருவது ஆகியவை வெவ்வேறு காரணங்களை நோக்கி மருத்துவரை இட்டுச்செல்பவை. பச்சை வாந்தி குடலில் அடைப்பு இருக்கலாம் என்பதற்கான அடையாளம். அதற்கு முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

எப்போது, எதற்குப் பிறகு, எந்த நிறத்தில், எத்தனை முறை என்ற விவரங்கள்தாம் குழந்தையின் வயிற்றை மருத்துவருக்குத் திறந்து காட்டுகின்றன. வாயில் போன உணவின் மிச்சம் வெளியேற ஒன்று முதல் மூன்று நாட்கள் வரை ஆகலாம். மருத்துவரோ குழந்தையைப் பார்ப்பது கால் மணி நேரம். அன்று வலி இல்லாமலும் போகலாம். இந்த இடைவெளியை நிரப்ப, போவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே நாட்காட்டியில் கிழிக்கும் தினசரித் தாளின் பின்புறத்தில் குறித்து வைப்பது போதும்: வலி வந்த நேரம், நீடித்த நேரம், அதற்கு முன் சாப்பிட்டது, பள்ளி நாளா விடுமுறையா, மலம் கழித்தானா, அது எப்படி இருந்தது. கடைசிக் கேள்விக்குத்தான் பெற்றோர் கூச்சப்படுகிறார்கள். மருத்துவருக்கு மிகவும் வேண்டியதும் அதுதான்.

ஏன் என்பதற்கு மலக்குடல் வேலை செய்யும் விதத்தை அறிய வேண்டும். பெருங்குடலின் முக்கியப் பணி நீரை உறிஞ்சுவது. பெரியவர்களில் ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் நீர்மம் அதற்குள் வருகிறது. அதில் பெரும்பகுதியை அது திரும்ப எடுத்துக்கொள்கிறது. எஞ்சியது மலக்குடலை அடைந்து அதன் சுவரை விரிக்கும்போது, ஆசனவாயின் உள்வளையத் தசை நம்மைக் கேட்காமலே தளர்கிறது. வெளிவளையத் தசை மட்டும் நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஒருமுறை இறுகிய மலம் போய் வலித்த குழந்தையோ, பள்ளிக் கழிப்பறைக்குப் போக அருவருக்கும் குழந்தையோ அந்த வெளித்தசையை இறுக்கிக்கொள்கிறது. கதவுக்குப் பின்னால் நுனிக்காலில் நின்று, தொடைகளைச் சேர்த்து, முகம் சிவந்து நிற்கும் பிள்ளை முக்கி முக்கிப் பார்ப்பதாகவே நமக்குத் தோன்றும். உண்மையில் அது அடக்கிக்கொண்டிருக்கிறது. அடக்கிய மலம் அங்கேயே தங்க, அதிலிருந்து மேலும் நீர் உறிஞ்சப்பட்டு அது இன்னும் இறுக, அடுத்த முறை இன்னும் வலிக்கிறது. வாரக்கணக்கில் இது தொடர்ந்தால் மலக்குடல் விரிந்து, "நிறைந்துவிட்டது" என்ற செய்தியை அனுப்பும் உணர்வே மங்கிவிடும்.

அதன் பிறகு நடப்பதுதான் பெற்றோரை ஏமாற்றுவது. மேலிருந்து வரும் இளகிய மலம், இறுகிய உருண்டையைச் சுற்றி வழிந்து உள்ளாடையில் கறையாகிறது. அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இப்படித்தான் ஆயிற்று. வீட்டில் அதைப் பேதி என்று நினைத்து, பழத்தையும் கீரையையும் நிறுத்திவிட்டு ஜவ்வரிசிக் கஞ்சி கொடுத்தார்கள். கறைக்காகத் திட்டும் விழுந்தது. அவனுடைய அம்மா கொண்டுபோன நாட்காட்டித் தாள்களில் தினமும் கறை என்று எழுதியிருந்ததோடு, ஐந்து நாளுக்கு ஒருமுறை கழிப்பறையே அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிதாகப் போனதும் குறிக்கப்பட்டிருந்தது. அந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்துவிட்டுத்தான் மருத்துவர் அவனுடைய அடிவயிற்றின் இடப்பக்கத்தை அழுத்திப் பார்த்தார். அவனுக்கு இருந்தது மலச்சிக்கல்.

ஜவ்வரிசியைப் பற்றி சேலத்துக்காரனாக ஒன்று சொல்லியாக வேண்டும். மரவள்ளிக்கிழங்கை அரைத்து, வடிகட்டி, மாவுச்சத்தை மட்டும் பிரித்தெடுத்துத்தான் ஜவ்வரிசி ஆகிறது. நார் முழுவதும் திப்பியாகி மாட்டுத்தீவனத்துக்குப் போய்விடுகிறது. எளிதில் செரிக்கும் என்று நாம் கொடுக்கும் கஞ்சியில் மலத்துக்குப் பருமன் தரும் பொருள் ஏறக்குறைய ஒன்றுமில்லை. சாப்பாட்டுக்குப் பதிலாகப் பாலை டம்ளர் டம்ளராகக் குடிக்கும் பிள்ளைகளிடமும் இதே குறை உண்டு. அளவு மீறிய பால் இரும்புச்சத்துக் குறைவுக்கும் வழி செய்யும். ஆகவே எவ்வளவு பால் என்பதையும் தாளில் எழுதுவது நல்லது.

மலத்தின் தன்மையைச் சொல்ல வார்த்தை கிடைக்காமல் தவிப்பவர்களுக்கு 1997-இல் வெளியான பிரிஸ்டல் அளவுகோல் உதவும். ஆட்டுப் புழுக்கை போலத் தனித்தனியாக விழுவது முதல் வகை, மொழுமொழுவென்று நீளமாகப் போவது நான்காம் வகை, வெறும் தண்ணீராகப் போவது ஏழாம் வகை. கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனாலும் மருத்துவர் முகம் சுளிக்க மாட்டார். இரும்புச்சத்து டானிக் மலத்தைக் கறுப்பாக்கும், பீட்ரூட் சிவப்பாக்கும் என்பதால் அவற்றைக் கொடுத்திருந்தால் சொல்லிவிட வேண்டும்.

வலியின் இடமும் முக்கியம். அந்த அளவுகோலுக்குப் பெயர் தந்த இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜான் ஏப்ளி என்ற குழந்தை மருத்துவர் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து, ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அடிக்கடி வயிற்றுவலி வருவதை 1958-இல் பதிவு செய்தார். வலி தொப்புளை விட்டு விலகிப்போகப் போக, உறுப்பில் கோளாறு இருக்கும் வாய்ப்பு கூடுகிறது என்ற அவரது கணிப்பை மருத்துவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். வீட்டிலேயே, "எங்கே வலிக்குது, ஒரே விரலால் காட்டு கண்ணு" என்று சில நாட்கள் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். தொப்புளைச் சுற்றி வரும் வலியும் நடிப்பல்ல. குடலின் நரம்புகள் சாதாரண அசைவையும் வலியாக உணரும் நிலை அது. தூக்கத்தைக் கலைக்கும் வலி, மலத்தில் ரத்தம், எடை குறைதல், தொடர் காய்ச்சல் ஆகியவற்றைக் கேட்கும்வரை காத்திராமல் முதலிலேயே சொல்ல வேண்டும். தடுப்பூசி அட்டையில் உள்ள பழைய எடைகளும், பிறந்து முதல் 48 மணி நேரத்துக்குள் மலம் போனதா என்ற தகவலும் இதனால்தான் கேட்கப்படுகின்றன. பிறவியிலேயே குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாத குழந்தைகளுக்கு அந்த முதல் மலம் தாமதமாகும்.

போவதற்கு முன் உணவைத் தாமாக மாற்றுவது சில வேளை பரிசோதனையையே கெடுத்துவிடும். கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ஒவ்வாத சீலியாக் நோயை, ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளை வைத்து அறிகிறார்கள். சப்பாத்தியை முன்கூட்டியே நிறுத்திவிட்டால் அந்த எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். வயிற்று ஸ்கேன் எடுப்பதானால் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள், அடிவயிற்றைப் பார்க்கச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் என்பதை முன்பதிவின்போதே கேட்டுக்கொள்வது, மலையிலிருந்து கிளம்பி வருபவர்களுக்கு இரண்டாவது பயணத்தை மிச்சமாக்கும். விளக்கெண்ணெய் கொடுத்திருந்தாலும், தொக்கம் எடுத்திருந்தாலும், குடலேற்றம் என்று வயிற்றைத் தடவியிருந்தாலும் மறைக்க வேண்டியதில்லை. மறைத்த கைவைத்தியம் நோயின் படத்தை மாற்றிக் காட்டும்.

அந்தச் சிறுவனுக்கு மலத்தில் நீரைத் தக்கவைக்கும் மருந்து தொடங்கப்பட்டது. விரிந்த மலக்குடல் பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகும் என்பதால், நன்றாகப் போகத் தொடங்கியதும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது என்று சொல்லியனுப்பினார்கள். இரைப்பை நிறையும்போது பெருங்குடல் தானாக அசைவதால், சாப்பிட்டவுடன் ஐந்து பத்து நிமிடம் உட்கார வைக்கவும் சொன்னார்கள். வீட்டிலுள்ள மேற்கத்தியக் கழிப்பறையில் அவனுக்குக் கால் எட்டாது; குந்தும்போது நிமிர வேண்டிய மலக்குடலின் வளைவு, கால் தொங்கினால் நிமிர்வதில்லை. பாட்டியின் பலகை மணையை அவனுடைய காலடியில் போட்டுவிட்டு, அம்மா அன்றைய தாளின் பின்புறத்தில் "சாப்பிட்டு இருபது நிமிடம், நான்காம் வகை" என்று எழுதினார்.