நீதியைக் கரும்பலகையில் முதலிலேயே எழுதிவிடாதீர்கள்

சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பு ஒன்றின் கடைசி பெஞ்சில் அமர்ந்து பாடத்தைக் கவனித்தேன். மரபு நடனம் ஒன்றின் காணொளி ஓடியது. அது முடிவதற்குள் ஆசிரியர் கரும்பலகையில் ‘அறியும் நீதி: ஒற்றுமை’ என்று எழுதிவிட்டார். ‘ஆடுகிறவர்களில் ஏன் ஒரு பெண்கூட இல்லை?’ என்று ஒரு மாணவன் கேட்டான். ‘அது பாடத்தில் இல்லை, உட்கார்’ என்று பதில் வந்தது. இந்த ஆண்டு நான் பார்க்கும் நான்காவது வகுப்பு இது. நான்கிலும் இதே கதைதான்.

பாரம்பரியம் என்றாலே நல்லது, நல்லதைக் காட்டினால் நல்ல புத்தி தானாக வரும் என்ற நம்பிக்கையை யார் விதைத்தார்களோ தெரியவில்லை. பாட்டு, நடனம், திருவிழா போன்ற தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபைக் காக்க யுனெஸ்கோ 2003இல் ஏற்ற உடன்படிக்கைகூட அப்படிச் சொல்லவில்லை. மனித உரிமைகளோடும், சமூகங்களுக்கிடையேயான பரஸ்பர மரியாதையோடும் ஒத்துப்போகும் மரபை மட்டுமே கணக்கில் கொள்வோம் என்று இரண்டாம் பிரிவிலேயே அது வரம்பு கட்டியிருக்கிறது. பெல்ஜியத்தின் ஆல்ஸ்ட் நகரத் திருவிழா 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. யூதர்களை இழிவுபடுத்தும் உருவங்களை ஊர்வலத்தில் கொண்டுவந்ததற்காக 2019இல் நீக்கப்பட்டது. ‘நாங்கள் எல்லோரையும்தான் கேலி செய்கிறோம்’ என்பது ஊராரின் வாதம். அந்த வாதத்தை வகுப்பின் முன் வையுங்கள். யார் சிரிக்கிறார்கள், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். பதினான்கு வயதுப் பிள்ளைகள் நம்மைவிடக் கூர்மையாகப் பேசுவார்கள். (ஒதுங்கி நிற்பதுதான் நம் தொழிலில் மிகக் கடினமான வேலை. எனக்கும் பல ஆண்டுகள் பிடித்தது.)

குறை சொல்ல மட்டும்தான் மரபு என்றும் எண்ண வேண்டாம். ஸ்பெயினின் வலென்சியாவில் வியாழன்தோறும் நண்பகலில் தேவாலய வாசலில், பாசனத் தண்ணீர் வழக்குகளைத் தீர்க்கும் தண்ணீர் மன்றம் கூடும். விவசாயிகள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுத்தவர்களே நீதிபதிகள், விசாரணை முழுவதும் வாய்மொழி. வழக்கு எந்த வாய்க்காலைச் சேர்ந்ததோ, அந்த வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்வதில்லை. ஏன் விலகுகிறார் என்பதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

இன்னும் சில வேண்டுகோள்கள். மரபுக் கலையோடு வாழ்ந்துவரும் குடும்பத்துப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி, ‘செய்து காட்டு’ என்று சொல்லாதீர்கள். அப்படி நிற்கவைக்கப்பட்ட ஒரு மாணவி, பின்வரிசையில் எழுந்த சிரிப்புக்குப் பிறகு தன் அப்பாவின் தொழிலைக் கேட்டால் ‘தனியார் வேலை’ என்றே சொல்லிவந்தாள். எந்தச் சமூகம் எதை வெளியாருக்குக் காட்டுவதில்லையோ, அதை வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள். மதிப்பெண் போட்டே ஆக வேண்டுமென்றால் காரணம் சொல்லும் திறனுக்குப் போடுங்கள், முடிவுக்குப் போடாதீர்கள்.

வீட்டுப் பெரியவர்களின் பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்துவரச் சொல்கிறீர்களா? ‘இதை வகுப்பில் போடலாமா?’ என்று பாடியவரிடமே கேட்டுவரச் சொல்லுங்கள். ‘வேண்டாம்’ என்று பாட்டி சொன்னால், அந்தப் பிள்ளை வெறுங்கையோடு வரட்டும். ஏன் வேண்டாம் என்றார் என்பதிலிருந்து அன்றைய பாடத்தைத் தொடங்குங்கள்.