நீர்வெப்பத் தொகுப்பு

இறுக மூடிய கலத்தில் நீரை 100 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் படிகங்களை விளைவிக்கும் முறை இது; 'ஹைட்ரோதெர்மல் சிந்தசிஸ்' என்பதன் தமிழ். கிரேக்கத்தில் 'ஹுடோர்' என்றால் நீர், 'தெர்மே' என்றால் வெப்பம். பூமிக்குள் சூடான நீர் கனிமங்களை விளைவிப்பதைச் சொல்ல 19ஆம் நூற்றாண்டு நிலவியலார் ஆண்ட சொல், பின்னர் ஆய்வகத்துக்கு வந்தது. 'வெந்நீர்த் தொகுப்பு' என்று எழுதுவது பொருந்தாது. திறந்த பானையில் வெந்நீர் 100 டிகிரியைத் தாண்டாது. இறுக மூடிய கலத்தில் 150 டிகிரியிலும் நீர் நீராகவே இருக்கும், நீராவி அழுத்தம் ஏறத்தாழ 4.8 பார். நம் வீட்டு குக்கரில் சுமார் 120 டிகிரிதான்.

இந்த முறையில் இங்கே விளைவிக்கப்போவது ஒரு 'செம்பு அணைவுச் சேர்மம்'. இதில் அணைவு, அணைத்தல் என்னும் வினையிலிருந்து வந்தது. நடு அயனியை அணைக்கும் மூலக்கூறு ஈனி. இதற்கு நல்ல சான்று கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலேயே கிடைக்கும்: போர்டோ கலவை என்னும் பூஞ்சைக்கொல்லிக்கு வாங்கும் துரிசு, அதாவது மயில்துத்தம் (காப்பர் சல்பேட்). அந்த நீலப் படிகத்தில் ஒவ்வொரு செம்பு அயனியையும் நான்கு நீர் மூலக்கூறுகள் அணைத்திருக்கும். ஐந்தாம் நீர் செம்பைத் தொடுவதே இல்லை. ஹைட்ரஜன் பிணைப்பால் மட்டும் சல்பேட்டுக்கும் மற்ற நீருக்கும் நடுவே நிற்கும். வறுத்து நீரை விரட்டினால் நீலமும் போய் வெள்ளைப் பொடி மிஞ்சும்.

செய்முறையில் 25 மில்லி டெஃப்லான் குடுவைக்கு 15 மில்லி நீர், 0.25 கிராம் துரிசு, ஈனியாக 0.16 கிராம் 4,4'-பைபிரிடின். அரைமணி நேரம் கலக்கி, எஃகுக் கூட்டுக்குள் வைத்துத் திருகி, 120 முதல் 150 டிகிரியில் மூன்று நாள் ஆய்வகச் சூட்டடுப்பில் வைப்பார்கள். நீர் சூட்டில் விரியும் என்பதால் குடுவையை முழுக்க நிரப்பவே கூடாது. இடமில்லாவிட்டால் அழுத்தம் பல மடங்காகிக் கலமே வெடிக்கலாம். மணிக்கு 5 டிகிரி வீதம் ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் படிகம் வராது, பொடிதான் வரும். சூடாக இருக்கையில் மூடியைத் தொடாதீர்கள்.

திறந்ததும் கறுப்புத் தூள் கிடந்தால் காரம் மிகுந்து காப்பர் ஆக்சைடு ஆகிவிட்டது என்று பொருள். செங்கல் நிறமானால் ஈனியே செம்பை ஒடுக்கி, இரண்டாம் ஆக்சிஜனேற்ற நிலையிலிருந்து முதல் நிலைக்கு இறக்கிவிட்டது. சூட்டைக் குறைத்துப் பாருங்கள். தோட்டத்துத் துரிசில் இரும்பு கலந்திருக்கக்கூடும், அதை நேரே போடாமல் ஒருமுறை கரைத்து வடிகட்டி மறுபடி படிகமாக்கிக்கொள்ள வேண்டும்.