சுவரில் மாட்டிய ஜிஎஸ்டி சான்றிதழ் உங்கள் பணத்துக்குக் காவல் இல்லை

போன வாரமும் ஒரு அம்மா வந்தார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் ஆடிட்டர் அலுவலகத்துக்கு இப்படி வருகிறவர்களை எண்ணுவதையே நான் விட்டுவிட்டேன். நெய்வேலியில் வேலை பார்த்த கணவர் இறந்தபோது வந்த பணத்தில் நான்கு லட்சத்தை ஒரு நிறுவனத்தில் போட்டிருக்கிறார். லட்சத்துக்கு மாதம் பத்தாயிரம் என்றார்களாம். மூன்று மாதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. லேமினேட் செய்த ஜிஎஸ்டி சான்றிதழ் நகலை மேசையில் வைத்து, அதன் தலையில் இருந்த முத்திரையை விரலால் தொட்டுக் காட்டினார். "கவர்மெண்டு சிங்கம் போட்டிருக்கே சார், அதை நம்பித்தானே குடுத்தேன்?"

புதிதாக வருகிறவர் பணத்தை எடுத்துப் பழைய ஆளுக்கு வட்டி என்று கொடுக்கிற கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை மறுபடி சொல்லப் போவதில்லை. எனக்கு ஆத்திரம் வருவது அந்தச் சிங்கத்தை வைத்து ஏமாற்றுவதைப் பார்த்துத்தான்.

ஜிஎஸ்டி சான்றிதழ் சொல்வது ஒன்றே ஒன்று: இந்தப் பெயரில் ஒருவர் வரிக்காகப் பதிவு செய்திருக்கிறார். அதை வருகிறவர் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி, அதனால்தான் சுவரில் தொங்குகிறது. சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழ் ஆதாரையும் பான் எண்ணையும் வைத்து இணையத்தில் நாமே விவரம் சொல்லி இலவசமாக எடுப்பது. கம்பெனிப் பதிவுச் சான்றிதழ் அந்தக் கம்பெனியின் பிறப்புச் சான்றிதழ், அவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழைக் காட்டி பஸ் ஓட்ட முடியுமா? அதற்கு லைசென்ஸ் வேண்டாமா? எங்கள் தொழிலையும் சேர்த்தே சொல்கிறேன்: ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட பேலன்ஸ் ஷீட்டும் டெபாசிட் வாங்க அனுமதி ஆகாது.

அந்த அனுமதி வேறு. ரிசர்வ் வங்கியில் பதிவு செய்த நிதி நிறுவனங்களிலேயே சிலவற்றுக்குத்தான் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி உண்டு. அவையும் ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது. மாதம் பத்து சதவீதம் என்றால் ஆண்டுக்கு 120! அந்த ஒரு வாக்குறுதியே அவர்கள் எந்த விதிக்குள்ளும் இல்லை என்று சொல்லிவிடுகிறது. 'நிதி' என்று பெயர் முடியும் கம்பெனிகள் உறுப்பினர்களிடம் மட்டுமே டெபாசிட் வாங்கலாம், சீட்டு நடத்தவே கூடாது. சீட்டுக்கு 1982ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, ஒவ்வொரு சீட்டையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். நகைச்சீட்டு ஏன் 11 மாதத்தில் முடிகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? கம்பெனிச் சட்ட விதிப்படி, பொருளுக்கு வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகத் தராவிட்டால் அது டெபாசிட் ஆகிவிடும்.

அரசு ஏன் முன்கூட்டியே தடுக்கவில்லை என்று அந்த அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. வரி பார்ப்பது ஒரு துறை, கம்பெனியைப் பதிவது இன்னொன்று, டெபாசிட்டைக் கண்காணிப்பது வேறொன்று. ஒரு மேசையில் இருப்பது இன்னொரு மேசைக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு பதிவுச் சான்றிதழிலும் 'இது டெபாசிட் வாங்க அனுமதி அல்ல' என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒரு வரி அச்சடித்தால் போதும், பாதிப் பேர் தப்பிப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

"ஆபீஸ் முள்ளோடைக்கு அந்தப் பக்கம், பாண்டிச்சேரியில் இருக்கிறது, தமிழ்நாட்டுச் சட்டம் செல்லாது" என்று ஏஜெண்டுகள் பயமுறுத்துவதையும் கேட்கிறேன். தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997இல் வந்தது. புதுச்சேரிக்கும் 2004ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு, அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. இரண்டிலும் சொத்தை முடக்கி, விற்றுப் பணத்தைப் பிரித்துக் கொடுக்க வழி இருக்கிறது. அதற்கு மேல் 2019ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். அதன்படி அனுமதியில்லாத டெபாசிட்டை வாங்கினால் 2 முதல் 7 ஆண்டு சிறை. போடச் சொல்லி ஆள் சேர்த்தாலும் 1 முதல் 5 ஆண்டு. கமிஷனுக்காகச் சொந்தக்காரரைச் சேர்த்துவிடும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, இது உங்களுக்குத்தான்.

போடுவதற்கு முன்னால், டெபாசிட் அனுமதி எங்கே என்று கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் 'சச்சேத்' இணையதளத்தில் பெயரைத் தேடுங்கள். சீட்டு என்றால் பதிவு எண்ணை வாங்கிக்கொண்டு பதிவுத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால், "புகார் கொடுத்தால் ஒரு பைசா வராது" என்பதைக் கேட்டுச் சும்மா இருக்காதீர்கள். நாள் போகப் போக முடக்குவதற்குச் சொத்து மிஞ்சாது. போலீசின் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போங்கள். தயவுசெய்து, புதுப்பித்துத் தருகிறோம் என்று கேட்டால் டெபாசிட்டுக்குத் தந்த அசல் பத்திரத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

அந்த அம்மா நான்கு பத்திரத்தில் மூன்றைக் கொடுத்துவிட்டார். மகன் செல்போனில் அவற்றின் போட்டோ இருந்தது. அதைப் பிரிண்ட் எடுத்து, மிச்சமிருந்த ஒரு அசலையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் சேர்த்து நேற்றுப் புகார் எழுதி முடித்தோம். திங்கட்கிழமை காலையில் கொடுக்கப் போகிறார்.