உள்ளே தாள் இல்லை என்று சொல்லாதீர்கள்

போன வாரம் ஓர் அலுவலகத்தில் லேசர் பிரிண்டரைப் பிரித்தேன். அச்சுத்தூளைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் பாகமான ஃபியூசரின் உறையில் விரல் நீளத்துக்குக் கீறல். ‘பேப்பர் ஜாம்’ என்று வந்ததாம், இரும்பு ஸ்கேலை விட்டு நெம்பினார்களாம். ஒரு ரூபாய் பெறாத தாளை எடுக்கப்போய் ஆயிரக்கணக்கில் செலவு. இந்த மாதத்தில் நான் பார்க்கும் மூன்றாவது ஸ்கேல் இது.

அடுத்து, தினமும் கேட்கும் வசனம்: “உள்ளே பேப்பரே இல்லை சார், மெஷின் பொய் சொல்கிறது.” மெஷினுக்கு ஏது கண்? தாள் போகும் பாதையில் ஆங்காங்கே சின்னச் சின்ன பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கின்றன. தாள் வந்தால் நாக்கு சாயும், கடந்துவிட்டால் நிமிரும். சாயவேண்டிய நேரத்தில் சாயாவிட்டாலும், நிமிரவேண்டிய நேரத்தில் நிமிராவிட்டாலும் அது ‘ஜாம்’ என்றே சொல்லும். அதற்குத் தெரிந்த ஒரே புகார் அதுதான். தபால்தலை அளவு கிழிசல் ஒன்று நாக்கை அழுத்திக்கொண்டிருந்தால் போதும். நீங்கள் அவசரத்தில் உருவியபோது முக்கால் தாள் கையோடு வந்தது, சரி. மீதிக் கால் எங்கே? கிழிந்த துண்டுகளை மேசைமேல் சேர்த்துவைத்துப் பாருங்கள். எந்த மூலை குறைகிறதோ அது உள்ளேதான் இருக்கிறது.

தாள் டிரேயை விட்டு நகராமலேயே ‘ஜாம்’ வருவதும் உண்டு. தாளை இழுக்கும் ரப்பர் ரோலர் தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் சில வாரம் ஓடும், பிறகு மாற்றத்தான் வேண்டும்.

தாளை எடுக்கும் முறை இதுதான். ஸ்விட்சை அணையுங்கள். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஃபியூசர் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேலை செய்கிறது. இரண்டு கைகளாலும் பிடித்து, தாள் போகும் திசையிலேயே மெல்ல இழுங்கள். ஸ்கேல், கத்தரிக்கோல், இடுக்கி எதுவும் வேண்டாம். டோனர் என்னும் அச்சுத்தூள் கொட்டினால் வெந்நீர் பக்கமே போகாதீர்கள். அது பிளாஸ்டிக் தூள், சூடு பட்டால் ஒட்டிக்கொள்ளும்.

ஒருபக்கம் அச்சடித்த தாளைத் திருப்பிப் போடும் சிக்கனத்தை நான் குறை சொல்லவில்லை. ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிவிட்டுப் போடுங்கள், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரித்த தாள்கட்டைத் திறந்தே வைக்காதீர்கள். ஈரம் குடித்த தாள் சுருளும்.

டிரே நிறைய ஏ4 இருக்க, ‘லெட்டர்’ தாள் வை என்று அடம்பிடிக்கிறதா? உங்கள் கோப்பு 216×279 மில்லிமீட்டர் அமெரிக்க அளவில் இருக்கிறது. பக்க அமைப்பில் ஏ4, அதாவது 210×297, என்று மாற்றுங்கள்.

திரையில் வரும் எண்ணைத் தயவுசெய்து படியுங்கள். எச்பி லேசர்ஜெட்டில் 13 என்று தொடங்கினால் தாள் சிக்கல். 49 பெரும்பாலும் கோளாறான ஒரு கோப்பால் வருவது. அதை வரிசையிலிருந்து நீக்காமல் இருபது முறை பிரிண்ட் கொடுத்தால் இருபதும் பின்னால் காத்துக் கிடக்கும். 50 என்றால் ஃபியூசர். அப்போது முதலில் பிளக்கைப் பாருங்கள், யுபிஎஸ்ஸில் செருகியிருந்தால் எடுத்துச் சுவர் பிளக்கில் நேராகப் போடுங்கள். ஃபியூசர் இழுக்கும் மின்சாரத்தை அந்தச் சின்னப் பெட்டி தாங்காது.

என்னைக் கூப்பிடும் முன் அந்தத் திரையை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். “என்னமோ எரர் வருகிறது” என்று சொல்லிவிட்டு, என்ன எண் என்று நான் கேட்பதற்குள் அணைத்துவிடாதீர்கள்.